திரும்பிப் பார்க்கும் கிளி

போன வாரம் நான் வேலை பார்த்த பழைய டயர் யார்டிலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே சூப்பர்வைசராக வந்திருக்கும் தினகரன் பேசினான். கெட்டிக்காரன்தான். ஒரே குறை, எதையும் இன்றைக்கே தெரிந்துகொண்டாக வேண்டும் அவனுக்கு. புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறதாம். பழைய டயரை அதன் முன்னால் நிறுத்தினால் போதும், பக்கவாட்டில் இருக்கும் எழுத்தைப் படம் பிடித்து, எந்தக் கம்பெனி, என்ன அளவு, எந்த வருஷம் செய்தது என்று எல்லாவற்றையும் தானே படித்துவிடுமாம். நான் முட்டி வலிக்கக் குந்தி, ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துப் படித்ததை அது கொட்டாவி விடுகிற நேரத்தில் முடித்துவிடுகிறது. சந்தோஷம்தான்.

"ஆனா சார், சூடு போட்ட டயர் வந்தா மட்டும் அதுக்குப் புரிய மாட்டேங்குது. குறைன்னு சொல்லி ஓரமா தள்ளிடுது. அந்தச் சூட்டை என்னன்னு சொல்லிக் குடுக்கறது?" என்று கேட்டான்.

சாயந்திரம் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். சாயந்திரம் போய் வாரமும் போய்விட்டது. அவன் கேட்டது ஒரு வரிக் கேள்வி. என்னிடம் இருக்கும் பதில் ஒரு வரிக்குள் அடங்காது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பட்டு நெசவு ஊரில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்று சொன்னால், நெசவாளர் சொஸைட்டியா, ஜரிகையா, கோயிலா என்றுதான் கேட்பார்கள். ரப்பர் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் அப்பா, கரையைத் தனி நிறத்தில் நெய்து உடலோடு கோக்கிற கோர்வைச் சேலை நெய்தவர். அவருக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தறிக்குழிக்குள் கால் வைக்கவில்லை. அண்ணன் சண்முகம் லாரி ஓட்டப் போனான். அவன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த நான், பொன்னேரிக்கரைப் பக்கம் ஒரு ரீட்ரெட் பட்டறையில் சேர்ந்தேன். தேய்ந்த லாரி டயரின் மேல்தோலைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, வேகவைத்துத் திரும்ப ரோட்டுக்கு அனுப்புகிற வேலை. ஊரே பொம்பளைகளுக்குச் சேலை நெய்கிறது, என் பிள்ளை டயருக்குச் சேலை கட்டுகிறான் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கேலிதான், வன்மம் இல்லாத கேலி.

கற்றுக்கொண்ட கதையை நீட்டப் போவதில்லை. கை சுட்டது, காது பழகியது, அவ்வளவுதான். சுத்தியால் தட்டினால் நல்ல டயர் கணீர் என்று பேசும். உள்ளே அடுக்கு ஒட்டு விட்டிருந்தால் அழுகிய பூசணிக்காயைத் தட்டியதுபோல் அமுங்கிப் பேசும். அந்தக் காதை வைத்துத்தான் என் வாழ்நாள் சோறு.

தினகரன் கேட்ட சூட்டுக்கு வருகிறேன். லாரிக்காரர்களுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. டயரைப் பஞ்சருக்கோ ரீட்ரெட்டுக்கோ கொடுத்தால் மாற்றிவிடுவார்களோ என்று. அதனால் புது டயர் வாங்கியதும், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அதன் பக்கவாட்டில் ஓர் அடையாளம் போடுவார்கள். முதலெழுத்து போடுவார்கள், வண்டி நம்பர் போடுவார்கள். சிலர் வேல், சிலர் பிறை, சிலர் சிலுவை. எங்கள் சண்முகம் எல்லோரையும் போல் செய்துவிட்டால் அவன் சண்முகம் இல்லையே. வண்டி முதலாளியுடையது என்றாலும் டயருக்குப் பொறுப்பு அவன். அப்பா சேலைக் கரையில் நெய்கிற கிளியை, காமாட்சியம்மன் கையில் இருக்குமே அந்தக் கிளியை, ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டு போனான். கொல்லர் அதை அப்படியே பார்த்து இரும்புக் கம்பியை வளைத்துக் கொடுத்தார். மூக்கு, உருண்டைத் தலை, நீள வால். அவ்வளவுதான் கிளி.

முதல் டயரில் அதை வைத்து அழுத்தியபோது நான் பக்கத்தில் நின்றேன். காகிதத்தில் வலப்பக்கம் பார்த்த கிளி, டயரில் இடப்பக்கம் பார்த்தது. அண்ணன் இரும்பையும் பார்த்தான், டயரையும் பார்த்தான். அவனுக்கு எங்கே தப்பு என்றே புரியவில்லை. வீட்டில் வந்து சொன்னபோது அப்பா தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"நெசவுக்காரன் புள்ளைன்னு காட்டிட்டான் பாரு. டிசைன் அட்டையில எது இருக்குதோ அதுதான் சேலையில விழும்னு பார்த்துப் பார்த்து வளந்தவன். முத்திரைன்னா திருப்பி வெட்டணும்டா."

அச்சாபீஸ்காரர் பிள்ளையோ தட்டான் பிள்ளையோ அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். வேறு செய்து வாங்கச் சொன்னோம். அப்போது அண்ணி புஷ்பா கல்யாணமாகி வந்த புதிது. அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"மாத்த வேணாம். மத்த கிளியெல்லாம் முன்ன பாத்துக்கினு போவுது. இது வீட்டத் திரும்பிப் பாத்துக்கினே போவட்டும்."

அதோடு மாற்றுகிற பேச்சு நின்றது. அவன் ஓட்டிய வண்டிகளில் எல்லாம் அந்தக் கிளிதான். பட்டறையில் டயர் மலையில் அந்தக் கிளியைப் பார்த்தால், அண்ணன் ஊருக்கு வந்துவிட்டான் என்று எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். அவன் இடதுகைக்காரன். அழுத்தும்போது பாரம் இடப்பக்கம் விழும். கிளியின் மூக்கு ஆழமாகவும் வால் மேலோட்டமாகவும் பதியும். வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அண்ணன் தொட்டதை எல்லாம் தொட்டுப் பார்க்கிற தம்பி நான்.

தேவி பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்த சமயம். அண்ணன் அண்ணிக்கு அவள் ஒரே பெண். வடக்கே லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய அண்ணன் வீடு வந்து சேரவில்லை. நெல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டி ஒழுங்காக நிறுத்திப் பூட்டியிருந்தது. தார்ப்பாய் இருந்தது, ஜாக்கி இருந்தது. அவனும் அவன் கைப்பையும்தான் இல்லை. கிளி இரும்பு எப்போதும் அந்தப் பைக்குள்தான் இருக்கும். போலீசில் எழுதிக் கொடுத்தோம். நான் ஆஸ்பத்திரிகளில் தேடினேன், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் அறைகளிலும் தேடினேன். அந்த அறைகளைப் பற்றி எழுத மாட்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? யாரோ அடித்துப் போட்டுவிட்டார்கள் என்றது ஒரு வாய், ரயில் என்றது ஒரு வாய், ஆறு என்றது இன்னொன்று. அண்ணி ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். "வர முடியாம எங்கியோ மாட்டிக்கினாரு." யார் கேட்டாலும் அதுதான். வர முடியாமல். அப்பா காலமானபோது கொள்ளி வைக்க மூத்தவன் இல்லை, நான்தான் வைத்தேன். அப்பாவின் தறிக்குழியில் அண்ணி இறங்கி உட்கார்ந்தார். அவர் பிறந்ததும் நெசவு வீடுதான். நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக நெய்து, தேவியைப் படிக்கவைத்தார்.

என்னைக் கேட்டால், எனக்கு அவன் வேண்டும். காரணம் கிடக்கட்டும், கோபம் கிடக்கட்டும். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே ஹாரனை இரண்டு தடவை அழுத்தி, "தணி, டீ சொல்லுடா" என்பானே, அது வேண்டும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஹாரன் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் என் தலை திரும்பியிருக்கிறது.

பிறகு மலிவு டயர்கள் வந்து குவிந்தன. தேய்ந்ததைப் புதுப்பிக்க ஆளில்லை. பட்டறை படுத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் புது ஏற்பாடு வந்தது. டயர் செய்து விற்கிற கம்பெனிகள், தேய்ந்து கழிந்த டயர்களைத் திரும்பச் சேர்த்து ஒழுங்காக அழிக்கவும் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம். வட்டாரத்துக்கு வட்டாரம் சேகரிப்பு யார்டுகள் திறந்தார்கள். எங்கள் வட்டாரத்து யார்டு முசரவாக்கம் போகிற வழியில் அமைந்தது. வேலூரிலிருந்தும், திருவண்ணாமலையிலிருந்தும், ஆந்திர எல்லைப் பஞ்சர் கடைகளிலிருந்தும் லோடு வரும். டயர் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வாழ்நாள் முழுக்க டயருக்கு உயிர் கொடுத்தவனை, வயதான காலத்தில் அதை வெட்டிப் போடச் சொன்னார்கள்.

யார்டுக்கு மேனேஜர் ஜெயந்தி மேடம். அரக்கோணத்துக்காரர். குரல் உயரவே உயராது. மூட்டை தூக்குகிறவரிடமும் வாங்க போங்க என்றுதான் பேச்சு. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யார்டில் சுத்தியல் சத்தம்கூட நிற்கும். மதியம் தயிர்சாதத்தை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு டயர் குவியல்களைத் தனியாக ஒரு சுற்று சுற்றி வருவார். எதைப் பார்க்கிறார் என்று தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் சரியாக எந்தக் குவியலுக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று சொல்வார்.

வேலை முறை இதுதான். லோடு வந்ததும் எடை. பிறகு ஒவ்வொரு டயராக இறக்கி, சாய்த்து, உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டும். கொசுவுக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. கல்லையும் ஆணியையும் பிடுங்க வேண்டும். பக்கவாட்டைத் துடைத்துப் படிக்க வேண்டும். அங்கே ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் எந்த வாரம், அடுத்த இரண்டும் எந்த வருஷம். டயர் பிறந்த தேதி அது. மேல்தோலை எத்தனை முறை மாற்றினாலும் அந்த எண் மாறாது. படித்து முடித்ததும் விளிம்புக் கம்பியை உருவி, பக்கவாட்டை வெட்டி எடுத்து, நடுப்பட்டையைத் துண்டு போட வேண்டும். துண்டுகள் பொடியாக்கும் ஆலைக்குப் போகும். பொடி தாரோடு கலந்து ரோடாகும், மாட்டுக்கொட்டகை விரிப்பாகும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது யானைக்குப் பிறகு டயருக்குத்தான் பொருந்தும்.

மேடத்துக்கு ஒரே ஒரு சட்டம். கேட்டுக்குள் வந்த டயர் முழுசாக வெளியே போகக் கூடாது. முதல் மாதம் ஒரு நல்ல டயர் வந்தது. தட்டினேன், கணீர் என்றது. வெட்ட மனசு வரவில்லை.

"மேடம், இது இன்னும் ஒரு ரவுண்டு ஓடும்."

"ஓடும்ங்க," என்றார். "யார் தலைமேல ஓடும்னு சொல்லுங்க."

கழித்த டயரில் கோடு வெட்டி, கறுப்பு பூசி, நல்ல டயர் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். வெட்டினேன்.

அந்தச் சட்டத்துக்குப் பெரிய சோதனை போகிப் பண்டிகைதான். எங்கள் பக்கம் போகி என்றால் விடிகாலையில் டயர் எரிய வேண்டும், ஊர் கறுப்பாக வேண்டும், அப்போதுதான் பொங்கல் வந்த மாதிரி. போகிக்கு முந்தின வாரம் நாங்கள் ஒரு ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவோம், பழைய டயரைக் கொடுங்கள், கொளுத்தாதீர்கள் என்று. தறிகள் ஓடுகிற தெருவில் புகை படிந்தால் பட்டு என்னாகும் என்று நான் மைக்கில் கேட்டேன். அது வேலை செய்தது. சைக்கிள் டயர், ஸ்கூட்டர் டயர் என்று வீட்டுக்கு வீடு கொண்டுவந்து போட்டார்கள். அப்புறம் ஒரு வட்டப் பிரமுகரின் ஆட்கள் யார்டுக்கு வந்து, தலைவர் வீட்டு வாசலில் கொளுத்த நாலு பெரிய டயர் மட்டும் வேண்டும் என்று நின்றார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். துண்டு போட்டுத் தருகிறேன், வாசலில் கோலத்துக்குக் கரை கட்டச் சொல்லுங்கள் என்றார். அவர்கள் போய்விட்டார்கள். அதன்பிறகு எனக்கு அந்த அம்மாள்மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது.

நான் ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது தேவிக்கு வரன் வந்தது. நல்ல இடம், பையனுக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை. அவர்கள் கேட்டது ஒன்றுதான். பெண்ணின் அப்பா இருக்கிறாரா, இல்லையா? எங்கள் பக்கத்தில் காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு தர்ப்பையில் உருவம் செய்து, கொள்ளி வைத்து, காரியம் முடிப்பார்கள். அந்தக் கெடு தாண்டியிருந்தது. பெரியவர்கள் கூடிப் பேசி, வேகவதி ஆற்றங்கரையில் செய்துவிடலாம் என்று நாள் குறித்தார்கள். அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் நான். அண்ணி அன்றிலிருந்து பொட்டில்லாமல் இருக்க வேண்டும். கூடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணி தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கடைசியில், தேவிக்கு நல்லது நடக்கும் என்றால் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார்.

காரியத்துக்கு முந்தின நாள் யார்டில் ஒரு லோடு இறங்கியது. சித்தூர் சாலைப் பஞ்சர் கடைகளில் சேர்த்தது. லாரி டயர்கள், நன்றாகத் தேய்ந்தவை. ஒன்றைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரத்துணியால் பக்கவாட்டைத் துடைத்தேன். துணிக்கு அடியிலிருந்து கிளி வந்தது.

இடப்பக்கம் பார்த்த கிளி. விரலை வைத்துத் தடவினேன். மூக்கு ஆழம், வால் மேலோட்டம். டயரின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பழைய டயராக இருக்கும், எங்கேயோ இத்தனை வருஷம் கிடந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். கிளிக்குச் சற்றுத் தள்ளி நீள்வட்டம் இருந்தது. துடைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன், கழற்றிவிட்டுப் படித்தேன். அண்ணன் காணாமல் போன வருஷத்துக்கு எவ்வளவோ பின்னால் பிறந்த டயர் அது.

லோடு கொண்டுவந்த டிரைவரைக் கேட்டேன். எந்தக் கடை, யார் போட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. லாரி எந்த ஊருடையதாகவும் இருக்கலாம். போகிற வழியில் தேய்ந்த டயரை ஒரு கடையில் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர். சித்தூர் என்பது ஒரு திசை, அவ்வளவுதான்.

மேடம் மதியச் சுற்றில் என்னை அந்த நிலையில் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கிளி, இரும்பு, இடதுகை, நாளைய காரியம், எல்லாம். அவர் குனிந்து அந்த எண்ணைத் தானும் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"வீட்டுல சொல்றதுக்கு முன்னாடி யோசிங்க தணிகாசலம். செத்துட்டாருன்னா அழுது முடிச்சிடுவாங்க. இருந்தும் வரலைன்னா, அதுக்கு எங்கங்க முடிவு?"

நான் அதை யோசிக்கவே இல்லை. அண்ணன் இருக்கிறான் என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் எனக்குள் நுழையவில்லை. அவர் சொன்ன பிறகுதான் அது புரிந்தது. வர முடியாமல் என்று சொல்லிச் சொல்லியே அத்தனை வருஷம் ஓட்டியவர் அண்ணி. அந்தச் சொல்லை நான் எப்படிப் பிடுங்குவது? சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஆற்றங்கரையில் முடிந்துவிடும். தேவிக்குக் கல்யாணம் நடக்கும். ஆனால் கொள்ளிக்கட்டை என் கையில் இருக்கும். எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டு, டயருக்குச் சூடு போட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு எப்படி வைப்பது?

டயரை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முழுசாப் போகக் கூடாது. அது எல்லாருக்கும்தான். நீங்க வெட்டுங்க, நான் பிடிச்சிக்கிறேன்."

அதுவரை அந்த யார்டில் அவர் கை டயரில் பட்டு நான் பார்த்ததில்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் டயரை அழுத்திப் பிடித்தார். கிளியும் எண்ணும் ஒன்றாக இருக்கும்படி உள்ளங்கை அகலத் துண்டை நான் வெட்டி எடுத்தேன். மீதியை அவரே உருட்டிக்கொண்டு போய்க் குவியலில் சேர்த்தார்.

வீட்டுக்குப் போனபோது கூடத்தில் தர்ப்பைக் கட்டு வந்து இறங்கியிருந்தது. அண்ணி தறியில் இருந்தார். துணிப்பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினேன். பட்டின் மேல் கரி படப்போகிறது, தள்ளி வையுங்கள் என்றார், நிமிராமலே. பிறகு நிமிர்ந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார்.

"பழசா தம்பி?"

அந்தக் கேள்வியில் அவர் எதை எதிர்பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எண்ணைக் காட்டினேன். அது என்ன எண் என்று சொன்னேன். அண்ணிக்குக் கணக்கு வேகம். தறியில் இழை எண்ணுகிறவர். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"அப்போ வர முடியாம இல்ல," என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூடத்தில் இருந்த பெரியவர்கள் எழுந்து வந்தார்கள். அண்ணி அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை. துண்டைக் கீழே வைத்துவிட்டு, ஊடை நூலை ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்தார். தர்ப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். "இருக்கறவருக்கு எதுக்குக் கொள்ளி?" என்று சொல்லிவிட்டு நெய்ய ஆரம்பித்தார். அன்றைக்குத் தறிச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் யார் எப்படிச் சொல்வது என்று நாங்கள் குழம்பிக்கொண்டிருந்தோம். அவர்கள் வந்த அன்று அண்ணியே முன்னால் வந்து நின்றார்.

"பொண்ணோட அப்பா இருக்காரு. வரல. அவ்வளவுதான்."

மாப்பிள்ளையின் அம்மா அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து குங்குமச் சிமிழை எடுத்து அண்ணி நெற்றியில் வைத்தார். மலை போல நின்றது பனி போலப் போனது. தாரை வார்த்துக் கொடுக்க நானும் என் மனைவியும் உட்கார்ந்தோம். கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்த்தேன். மேடையில் அண்ணி தலையும் திரும்பியிருந்தது.

நான் லீவு போட்டுக்கொண்டு சித்தூர் சாலையில் கடை கடையாகப் போய்க் கேட்டேன். அண்ணி போக வேண்டாம் என்றார். கண்டுபிடித்தால் என்ன கேட்பீர்கள் என்றார். ஏன் போனாய் என்று கேட்கமாட்டேன். டீ சாப்பிடுகிறாயா என்றுதான் கேட்டிருப்பேன். கிடைக்கவில்லை.

அந்தத் துண்டு எங்கே போனது என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. தூக்கிப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஒருநாள் அண்ணியின் நாடா தறிக்குழிக்குள் விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். குழிக்குள் அவர் கால் ஊன்றுகிற இடத்தில் அந்த ரப்பர் கிடந்தது, கிளி மேலே தெரியும்படி. பாதம் பட்டுப் பட்டு மூக்கு பளபளத்திருந்தது.

"காலுக்கு அடியிலயா அண்ணி?"

"வேற எங்க வைக்கச் சொல்றீங்க? சாமி படத்துப் பக்கத்துலயா?"

கோபம் என்று எடுத்துக்கொண்டேன். கோபத்துக்கு அவருக்கு உரிமை இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அண்ணி வீட்டுக்குப் போய்வருகிறேன். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை வராது. தேவி எப்படி இருக்கிறாள், சொஸைட்டியில் நூல் போட்டார்களா என்று பேசுவோம். கிளம்பும்போது மட்டும் தவறாமல் ஒன்று கேட்பார். யார்டிலிருந்து யாராவது போன் பண்ணினார்களா? இல்லை அண்ணி என்பேன். தறி ஓட ஆரம்பிக்கும். எதற்குக் கேட்கிறார் என்று அவர் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை.

இந்த வெள்ளிக்கிழமையும் கேட்டார்.

"பண்ணாங்க அண்ணி," என்றேன்.

தறி நின்றது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அவசர அவசரமாக விஷயத்தைச் சொன்னேன். அண்ணனைப் பற்றி இல்லை, மிஷினைப் பற்றி. சூடு போட்ட டயரை அது குறை என்று தள்ளுகிறது, சூடு என்றால் என்ன என்று தினகரன் கேட்கிறான், நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று. அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்போ கிளி வந்தாலும் குறைன்னுதான் தள்ளுமா?"

"ஆமா அண்ணி. அதுக்குக் காட்டிக் குடுத்தாத்தான் தெரியுமாம்."

அண்ணி குழிக்குள் குனிந்தார். காலடியிலிருந்து ரப்பரை எடுத்து, தறிக்குப் பக்கத்தில் இருந்த செம்புத் தண்ணீரைத் தெளித்து, கட்டியிருந்த சேலையின் முந்தானையாலேயே துடைத்தார். மூக்கு, தலை, வால் என்று விரல் வைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு என் கையில் கொடுத்தார்.

"திங்கக்கெழமை போயி காட்டிட்டு வாங்க. நல்லாக் கத்துக்குடுங்க." அவர் மறுபடி தறியைப் பார்த்துக்கொண்டார். "மறக்காம திரும்பக் கொண்டாந்துடணும் தம்பி. அது இல்லைன்னா கால் சில்லுன்னு இருக்குது."